முதுகுப்பையோடு கோ தாவுக்கு: முதல்முறை ஸ்கூபா கற்கப் போகிறவர்களுக்கு

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை போடுகிறவள் நான். அந்த ஒரு மாத்திரையால் தாய்லாந்தின் கோ தாவ் தீவில் எனக்கு ஒரு முழு நாளும் 1,000 பாட் (தாய்லாந்துப் பணம்) காசும் போயின. எப்படி என்று 4-ஆம் படியில் சொல்கிறேன். ஊரிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாளைக் கடலுக்குள் கழித்திருப்பேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தாய்லாந்து வளைகுடாவில் சும்போன், கோ தாவ், கோ பங்கான், சூரத் தானி என்று கரையை ஒட்டி 12 நாள் சுற்றினேன். தனியாக, 40 லிட்டர் பையோடு. ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்கடியில் மூச்சுவிட்டு நீந்துவது பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. டிக்கெட் விலைக்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள்

தாய்லாந்துக்கு இரண்டு கடல்கள். மேற்கே அந்தமான் கடல் (புக்கெட், கிராபி), கிழக்கே வளைகுடா (கோ தாவ், கோ பங்கான், கோ சமுய்). இரண்டுக்கும் மழைக்காலம் வேறு. மே முதல் அக்டோபர் வரை மேற்குப் பக்கம் கொந்தளிக்கும். சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள். வளைகுடாவில் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நவம்பர்தான் மோசம். சென்னையை மிதக்கவிடும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் கொட்டுகிறது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தீபாவளி லீவு வருகிறதே என்று அக்டோபர், நவம்பரில் மலிவு டிக்கெட் போடுகிறோம். போனால் படகு ரத்து, கடலுக்குள் கலங்கல், கைநீட்டும் தூரத்துக்கு மேல் தெரியாது. மார்ச் முதல் மே வரை தண்ணீர் தெளிவு, வெயில் கடுமை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையும் நல்ல காலம்தான். நான் ஏப்ரலில் போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் மெல்லிய ஸ்கூபா உடுப்பே போதுமானதாக இருந்தது.

கோ பங்கானில் பௌர்ணமிதோறும் ஹாட் ரின் கடற்கரையில் பெரிய கொண்டாட்டம் நடக்கும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் படகிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கஷ்டம். அந்தக் கூட்டம் உங்களுக்கு வேண்டாமென்றால் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

2. திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான் முன்னாலிருந்து எண்ணினேன், அதுதான் தப்பு. கடலுக்கடியில் மூச்சுவிடும்போது உடம்புக்குள் நைட்ரஜன் சேரும். அது வெளியேற நேரம் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால் அழுத்தம் குறைந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழி கட்டி ஆபத்தாகலாம். ஒரே ஒரு முழுக்கு (ஒருமுறை கடலுக்கடியில் இறங்கி ஏறுவது) என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நான் 24 என்றே வைத்துக்கொண்டேன்.

கோ சமுயிலிருந்து பாங்காக்குக்கு விமானம் இருக்கிறது என்று பலர் ஆசைப்படுவார்கள். காலையில் முழுக்கு, சாயங்காலம் அந்த விமானம் என்று திட்டம் போடக் கூடாது. படகிலும் ரயிலிலும் திரும்பினால் இந்தக் கவலையே இல்லை.

என் 12 நாள் கணக்கு இப்படி இருந்தது: முதல் நாள் பாங்காக், அன்றிரவே ரயில். 2-ஆம் நாள் காலை கோ தாவ். அடுத்த நான்கு நாள் பயிற்சிக்கு, ஏதாவது சொதப்பினால் ஈடுகட்ட ஒரு நாளும் அதிலேயே அடக்கம். 7-ஆம் நாள் சும்மா முழுக்குகள். 8-ஆம் நாள் கோ பங்கான், 9-ஆம் நாள் செயில் ராக் என்ற கடல்பாறையில் முழுக்கு, 10-ஆம் நாள் இரவு ரயில், 11 பாங்காக்கில் ஓய்வு, 12-ஆம் நாள் விமானம். அந்த ஈடுகட்டும் நாளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

3. காகிதங்கள்

பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கும் சலுகை 2024 ஜூலை 15 அன்று வந்தது. இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். டிக்கெட் போடும் அன்றே தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வருபவற்றில் சில தளங்கள் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக் காசு பிடுங்கும். முகவரியின் முடிவில் தாய்லாந்து அரசுக்குரிய 'கோ டாட் டிஎச்' இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு நம்பர் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் இரண்டு இடத்தில் நான் முழித்தேன். ஒன்று, தங்கும் முகவரி. என் முதல் இரவோ ரயிலில். கோ தாவ் விடுதியின் முகவரியைக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இரண்டாவது, நம் எல்லோருக்கும் உள்ள தலைவலி: குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. படிவத்தில் அங்கே ஒரு சிறு கோடு மட்டும் போட்டேன், ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரை ஒரு இடத்தில் மட்டும் சேர்த்து எழுதாதீர்கள். டிக்கெட்டிலும் அட்டையிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும்.

கையில் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, காப்பீடு. தலைக்கு 20,000 பாட் மதிப்புக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. என்னிடம் கேட்கவில்லை, எனக்கு முன்னால் நின்ற பையனிடம் கேட்டார்கள். பத்தாவது முடிக்காமல் இசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். இந்தியாவின் இசிஆர் நாடுகள் பட்டியலில் தாய்லாந்தும் இருப்பதால் நம் விமான நிலையத்திலேயே வேலைக்கா போகிறீர்கள் என்று துருவுவார்கள். திரும்பும் டிக்கெட்டும் விடுதிப் பதிவும்தான் அதற்குப் பதில்.

வேப் (மின் சிகரெட்) வைத்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே அது சட்டவிரோதம்.

4. மருத்துவப் படிவத்தை ஊரிலேயே முடியுங்கள்

எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே படிவத்தைத்தான் தருகின்றன. முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். நுரையீரல், இதயம், காது, சைனஸ், கடந்த ஓராண்டில் அறுவை சிகிச்சை, மயக்கம், ஒற்றைத் தலைவலி, 45 வயதைத் தாண்டியவரா என்று போகும். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பி இன்னும் துருவும். சிலவற்றுக்கு 'ஆம்' என்றாலே டாக்டர் கையெழுத்து வேண்டும்.

அதில் கடைசிக் கேள்வி: டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நான் 'ஆம்' என்று டிக் போட்டேன். வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். மறுநாள் காலையில் தீவின் கிளினிக்கில் வரிசை. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். 1,000 பாட். அதற்குள் என் வகுப்பு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டது. அடுத்த குழுவோடுதான் சேர முடிந்தது.

பிபி, தைராய்டு, சர்க்கரை, வீசிங் என்று எதற்காவது மாத்திரை போடுகிறீர்களா? பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதி அந்தப் படிவத்தை வாங்குங்கள். அச்செடுத்து, உங்கள் உடம்பு தெரிந்த டாக்டரிடம் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போங்கள். டாக்டர் பார்க்க வேண்டிய பக்கமும் அதனுடனே இருக்கும்.

'இல்லை என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்' என்று விடுதியில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். தண்ணீருக்கடியில் ஏதாவது ஆனால் காப்பீடு கைவிரிக்கும். அதைவிட, வீசிங் உள்ளவர் அழுத்தக் காற்றை மூச்சுவிடுவது விளையாட்டு இல்லை. பொய் எழுதாதீர்கள்.

5. நீச்சல்

'ஓப்பன் வாட்டர்' என்ற முதல் கட்டச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கெடு கிடையாது, எந்த நீச்சலும் சரி. கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மல்லாக்கப் படுத்து மிதப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. குளத்தில் பணம் கட்டிக் கற்றவர்கள்தான் நீந்தத் தெரிந்தும் மிதக்கத் தெரியாமல் தவிக்கிறார்கள். நானும் அந்த ரகம். போவதற்கு முன் இரண்டு மாதம் நீச்சல் குளத்துக்குப் போய், மிதப்பதை மட்டும் தனியாகப் பழகினேன்.

நீச்சலே தெரியாதா? அப்படியென்றால் ஒருநாள் அறிமுக முழுக்கு மட்டும் செய்யலாம். ஆசிரியர் கூடவே இருப்பார். ஆனால் அதற்குச் சான்றிதழ் வராது.

6. பாங்காக்கிலிருந்து தீவுக்கு

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள், சுவர்ணபூமி, டோன் முவாங். எதில் இறங்குகிறீர்கள், எதிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று டிக்கெட்டில் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பாங்காக் போக்குவரத்து இருக்கிறது.

தெற்கே போகும் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து குருங் தேப் அபிவத் என்ற புதிய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய குறிப்புகளில் ஹுவா லம்போங் என்று இருக்கும். அதை நம்பிப் போனால் ரயில் போய்விடும். டோன் முவாங்கிலிருந்து அபிவத்துக்குச் சிவப்புத் தட ரயிலில் சில நிறுத்தங்கள்தான்.

சும்போன் வரை இரவு ரயிலில் ஏழெட்டு மணி நேரம். கீழ்ப் படுக்கை அகலம், அதனால் விலையும் கொஞ்சம் அதிகம். ரயில் விடியாத நேரத்தில் சும்போனைத் தொடும். அங்கேயே முடிகிற ரயில் இல்லை, தெற்கே போய்க்கொண்டே இருக்கும். அலாரம் வையுங்கள். நிலையத்திலிருந்து படகுத்துறை தூரம். படகுச் சீட்டோடு பேருந்தும் சேர்த்து வாங்கிவிட்டால் நிலைய வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். ஏழு மணிப் படகைப் பிடித்தால் ஒன்பதுக்குள் தீவு. ரயில் தாமதமானால் அடுத்தது மதியம்தான்.

படகு வேகமாகப் போகும், அதனால் குலுக்கும். ஏறுவதற்கு அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை போடுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது என்று வீறாப்பு பேசியவர்கள்தான் அன்று பின்பக்கத்தில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

7. பள்ளியைத் தேர்வது

21 சதுர கிலோமீட்டர் தீவில் டஜன் கணக்கில் ஸ்கூபா பள்ளிகள். பேடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்ற இரண்டு பயிற்சி அமைப்புகளின் சான்றிதழும் உலகம் முழுக்கச் செல்லும். எது உசத்தி என்ற சண்டையில் தலையிட வேண்டாம். நான் கட்டியது 11,000 பாட். பலர் சேர்ந்து தங்கும் அறையில் மூன்று இரவு படுக்கை இலவசமாகக் கிடைத்தது. பல பள்ளிகள் இப்படித் தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? பேடி விதிப்படி கடலில் 8 பேர் வரை போகலாம். நான்கு பேருக்கு மேல் என்றால் நான் சேர்ந்திருக்க மாட்டேன். என் குழுவில் மூவர். எனக்கு முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து பதறியபோது ஆசிரியர் கை உடனே எட்டியது. பாடப் பொருளுக்கும் உபகரண வாடகைக்கும் தனிக் காசா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் உங்கள் பவருக்கு முகமூடி இருக்கிறதா என்று முன்னாலேயே எழுதிக் கேளுங்கள்.

மே ஹாட் துறைமுகம், சாய்ரீ கடற்கரையில் கூட்டமும் சத்தமும். காலை ஆறரைக்கு எழ வேண்டியவருக்குத் தெற்கே சாலோக் பான் காவ் பக்கம் நிம்மதி.

8. தண்ணீருக்குள்

பாடத்தை அவர்கள் நடத்துவார்கள். நான் சொல்வது நான்கு விஷயம்தான். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். காதை வலி வந்த பிறகு சரிசெய்ய முடியாது. இறங்கத் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, முதல் சில மீட்டரில்தான் காது அதிகம் படுத்தும். சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்து தீர்ந்து மேலே வருவது நரகமாகிவிடும்.

நான்காவது கிளாத்தி மீன். நம்மூர்க் கிளாத்தி தட்டில் கிடப்பது, அங்கே இருக்கும் பெரிய கிளாத்தி முட்டை காக்கும் காலத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு துரத்தும். அது தனக்கென்று பிடித்திருக்கும் இடம் மேலே போகப்போக விரியும் புனல் வடிவம். பயந்து மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். என் காலில் மாட்டியிருந்த துடுப்பில் ஒரு கடி விழுந்தது, காலில் விழவில்லை.

ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. 2011-இல் மூழ்கடிக்கப்பட்ட சத்தகுத் என்ற பழைய கடற்படைக் கப்பல் அதைவிட ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு அடுத்த கட்டப் பயிற்சி வேண்டும். ஜப்பானீஸ் கார்டன்ஸ், ஒயிட் ராக், ட்வின்ஸ் என்ற முழுக்கு இடங்கள் புதியவர்களுக்குப் போதும். களவா மீன்கள் பாறை இடுக்கில் உட்கார்ந்து நம்மை முறைக்கும். திமிங்கலச் சுறாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள், நான் பார்க்கவில்லை.

9. ஸ்கூட்டர், சாப்பாடு, பணம்

தீவின் சாலைகள் சில இடங்களில் சுவர் மாதிரி செங்குத்து. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டி உரிந்து, புண்ணோடு கடலில் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்த இருவரை விடுதியில் பார்த்தேன். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஓராண்டு செல்லும், அதில் இருசக்கர வாகனமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடும் இல்லை. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையில் வண்டி எடுக்காதீர்கள். திருப்பித் தரும்போது ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், பாஸ்போர்ட் அவர்கள் கையில். எடுக்கும்போதே சுற்றிலும் வீடியோ எடுங்கள்.

காப்பீட்டைப் பற்றி இன்னொன்று. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா 'சாகச விளையாட்டு' என்று விலக்கப்பட்டிருக்கும். பாலிசியின் சிறிய எழுத்தைப் படித்து, எத்தனை மீட்டர் ஆழம் வரை என்று பாருங்கள்.

சைவக்காரர்களுக்கு: காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் ஊற்றிவிடுவார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. 'கின் ஜே' (சுத்த சைவம் சாப்பிடுகிறேன்) என்றால் புரிந்துகொள்வார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. காலையில் ஜோக் என்ற அரிசிக் கஞ்சி கிடைக்கும், பெரும்பாலும் இறைச்சி சேர்த்திருப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். வயிறு சரியில்லாத அன்று அதுதான் எனக்கு அம்மா.

ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் 220 பாட்டுக்குக் குறையாமல் கட்டணம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். திரையில் 'ரூபாயில் மாற்றித் தரட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

எனக்கு ஆன கணக்கு: பயிற்சி 11,000 பாட், மற்ற முழுக்குகள் 4,000, அறைகள் 4,000, சாப்பாடு 4,000, ரயிலும் படகும் 4,000, டாக்டர் 1,000. மொத்தம் 28,000 பாட். நான் மாற்றிய அன்று ஒரு பாட் 2 ரூபாய் 70 காசு. சென்னையிலிருந்து போகவர விமானம் 19,000 ரூபாய், காப்பீடு 3,000. எல்லாம் சேர்த்து ₹98,000-ஐ நெருங்கியது.

10. கோ பங்கான் வழியாகத் திரும்புதல்

கோ தாவை விட்டுக் கிளம்பும் முன் கோ நாங் யுவானைப் பார்க்கலாம். மூன்று குட்டித் தீவுகளை மணல் திட்டு இணைக்கும் இடம். நுழைவுக் கட்டணம் உண்டு, பிளாஸ்டிக் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் முதல் படகில் போங்கள், பத்து மணிக்கு மேல் அது திருவிழா.

கோ பங்கானிலிருந்து செயில் ராக் பக்கத்தில்தான். கடல் நடுவே ஒற்றையாக நிற்கும் பாறை. அதற்குள் புகைபோக்கி மாதிரி ஒரு செங்குத்துக் குகை. மொத்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த முழுக்கு அதுதான். பிறகு படகும் பேருந்தும் மாறி சூரத் தானி நிலையம். ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, புன்பின் என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது. பேருந்துக்காரரிடம் 'ரயில்' என்று தெளிவாகச் சொல்லி ஏறுங்கள்.

கடைசியாக, சான்றிதழ். பள்ளி உங்கள் பெயரைக் கணினியில் ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். அங்கேயும் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்க விடாது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அப்பா பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள், நான் கவனிக்கவில்லை. என் படம் ஒட்டிய ஸ்கூபா அட்டையில் இப்போது பெரிய எழுத்தில் இருப்பது, முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காத என் அப்பாவின் பெயர். திருத்தச் சொல்லி மூன்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.